கைக்குள் ஒரு தேனீ

அத்தியாயம் 9

இரும்புக் கம்பி இரண்டாவது முறையாக வாசுவின் தலையைத் தேடி வந்தது. முதல் முறை அதற்குக் காதுதான் கிடைத்திருந்தது.

வாசு குனிந்தான். சொட்டுமருந்துப் பையை மாட்டும் அந்தக் கம்பி அவன் உச்சந்தலையை உரசிக்கொண்டு போய், சுவரில் இருந்த விளம்பரப் பலகையைப் பிளந்தது. கண்ணாடிச் சில்லுகள் தோளில் கொட்டின.

"பாஸ், பேசித் தீர்த்துக்கலாம்!" என்றான். "நான் சண்டைக்கு வரலைலா. கையில பாருங்க, ரொட்டி சானாய்!"

ஹெல்மெட்டின் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவனுக்குப் பேச்சில் நாட்டமில்லை. கம்பி மூன்றாவது முறை உயர்ந்தது.

வாசு பெரிய ஆள். நாற்பத்து நான்கு வயது, நூற்று இரண்டு கிலோ, பதினெட்டு வருடம் லோரி ஓட்டி உரமேறிய தோள். துப்பறியும் மகதலேனாவிடம் உதவியாளனாகச் சேர்ந்த இந்தப் பத்து மாதத்தில் அடி வாங்குவது பழகிப்போயிருந்தது. ஆனால் காலை ஒன்பது மணிக்கு, பசியாறுவதற்கு முன்னால் வாங்குவது இதுதான் முதல் தடவை.

ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள வாங்கிய பருப்புக் குழம்புப் பையை ஹெல்மெட்டின் மேல் ஓங்கி அடித்தான். பை வெடித்தது. கறுப்புக் கண்ணாடி முழுக்க மஞ்சள் வழிந்தது. அந்த ஆள் கண் தெரியாமல் தடுமாறிய ஒரு விநாடியில் வாசு பாய்ந்து, அவன் இடது கையை முழங்கைக்குக் கீழே இறுகப் பிடித்து முறுக்கினான்.

அவன் அலறினான். அது வலியில் வருகிற அலறல் இல்லை, உயிர்ப்பயத்தில் வருவது. கம்பியைப் போட்டுவிட்டு, வாசுவின் வயிற்றில் ஓர் உதை விட்டுக் கையைப் பிடுங்கிக்கொண்டு பின்பக்கப் படிக்கட்டில் பாய்ந்தான். கீழே சந்தில் மோட்டார் சைக்கிள் உறுமிக் கிளம்பியது.

தரையில் உட்கார்ந்துவிட்ட வாசுவின் உள்ளங்கையில் ஒரு பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

முன்பக்கப் படிக்கட்டில் மகதலேனா மூச்சு வாங்க ஏறி வந்தாள். ஐம்பதைத் தொடும் வயது, ஒல்லி உடம்பு, பிரிக்பீல்ட்ஸ் வெயிலிலும் மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை.

"எங்கே அவன்?"

"போயிட்டான்க்கா. காதை இங்கேயே விட்டுட்டுப் போனான், அந்த மட்டுக்கு நல்லவன்."

"கிஷன்?"

வாசு விரலால் காட்டினான். நோயாளிகளைப் படுக்கவைக்கும் கட்டிலுக்கு அடியில் ஒருவன் சுருண்டு கிடந்தான். இந்த ஸ்டெம் செல் கிளினிக்கின் வேன் ஓட்டுநர் கிஷன். "எல்லாத்தையும் சொல்லிடறேன், ஒன்பது மணிக்கு வாங்க" என்று காலையில் போன் செய்தவன். சொல்வதற்கு முன்னால் அவன் பற்களில் இரண்டு தரைக்கு வந்திருந்தன. இடது கண் ஒரு கோடாகிவிட்டது. இடது விலா நீலமாகப் புடைத்திருந்தது.

மகதலேனா மண்டியிட்டு அவனை மெல்லத் திருப்பினாள். வலது பக்கத்தைப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

"எல்லா அடியும் ஒரே பக்கம்" என்றாள்.

"அடிச்சவன் வலது கைக்காரன். இதுக்குத் துப்பறியணுமா?"

"வலது கைக்காரன்கூட இடது கையால சட்டையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அடிப்பான் வாசு. கிஷன் சட்டை கசங்கலை. பொத்தான் அறுகலை. ஒரு கையை வீட்ல வெச்சுட்டு வந்த மாதிரி அடிச்சிருக்கான்."

வாசு காதைப் பொத்தியபடி யோசித்தான். "அக்கா, ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது."

"நீ சொல்றதுக்கு நான் என்னைக்குச் சிரிச்சேன்?"

"அவன் இடது கையைப் பிடிச்சேன் இல்ல, உள்ளே என்னமோ அதிர்ந்துச்சு. விடாம, ஜ்ஜ்ஜ்னு. போன் வைப்ரேட் ஆகுமே, அப்படி. தோலுக்கு அடியில ஒரு தேனீயை வெச்சுத் தைச்ச மாதிரி."

மகதலேனா சிரிக்கவில்லை. தன் இடது மணிக்கட்டுப் பொத்தானை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். யோசிக்கும்போது அவள் செய்வது அது.

"பிளாஸ்டரைக் காட்டு."

பழுப்பாகக் காய்ந்த இரண்டு ரத்தப் பொட்டுகள். நடுவில் நாலு விரல் இடைவெளி.

"ரெண்டு ஊசி. ஒண்ணு ரத்தத்தை வெளியே எடுக்க, ஒண்ணு திருப்பி உள்ளே விட. நேத்துப் போட்டது." அவள் குரல் தாழ்ந்தது. "டயாலிசிஸ் பண்றவங்களுக்குக் கையில ரெண்டு ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைப்பாங்க. ரத்தம் அதுக்குள்ள வேகமா ஓடும்போது அப்படித்தான் அதிரும். ஃபிஸ்டுலா. அந்தக் கையில பை தூக்க மாட்டாங்க, வாட்ச் கட்ட மாட்டாங்க, யாரையும் பிடிக்க விடமாட்டாங்க. அது கெட்டா உயிர் கெட்ட மாதிரி."

"அலாமாக்! என்னை அடிச்சவன் நோயாளியா? இதை நான் வெளியே சொல்ல முடியாதுக்கா, மானம் போயிடும்."

மகதலேனா உடைந்த விளம்பரப் பலகையைத் தூக்கி நிறுத்தினாள். அகன்ற தோளோடு ஒருவன் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு சிரித்தான். 'ஜெயராஜ், வயது 46. நீரிழிவால் கெட்ட சிறுநீரகம். மூன்றே முறை ஸ்டெம் செல். இனி டயாலிசிஸ் இல்லை!'

"இவன் தோள் எனக்கு அறிமுகம்" என்றான் வாசு மெதுவாக.

கட்டிலடியிலிருந்து கிஷன் முனகினான். "ஜெயராஜ் அண்ணன்தான்... குணமாயிட்டாருன்னு சொன்னாங்க... நானும் நம்பினேன்."

"கிஷன், நீ என்ன சொல்றதுக்குக் கூப்பிட்டே?"

"வாரத்துக்கு மூணு நாள் வெள்ளைத் தோம்புல, பெரிய பிளாஸ்டிக் பீப்பாயில, தண்ணி மாதிரி ஒண்ணு ஏத்திக்கிட்டு கேரி தீவுக்குப் போவேன். செல்லுக்குச் சாப்பாடுன்னு எங்க கிளினிக் டாக்டர் பிரசாந்த் சொன்னாரு."

"கண்ணுக்குத் தெரியாத செல்லு தோம்பு தோம்பா குடிக்குதா? என்னைவிட மோசம்லா" என்றான் வாசு.

"அது டயாலிசிஸ் மெஷினுக்கு ஊத்தற கரைசல்" என்றாள் மகதலேனா. "போஸ்டர்ல குணமானவனுக்கு ஒளிச்சு வெச்சு டயாலிசிஸ் பண்றாங்க. கிஷன், காணாமப்போன ராதாகிருஷ்ணன் எங்கே?"

கிஷனின் நல்ல கண்ணில் நீர் திரண்டது. "திங்கக்கிழமை அந்தப் பெரியவரையும் என் வேன்லதான்... ஓய்வுக்குன்னு சொன்னாங்க. நேத்துப் போனப்ப உள்ளேயிருந்து கத்துற சத்தம் கேட்டுச்சு. அதான் உங்களைக் கூப்பிட்டேன்."

ஆம்புலன்ஸுக்கும் போலீசுக்கும் போன் பறந்தது. ஆம்புலன்ஸ் ஆட்கள் கிஷனைத் தூக்குவதைப் பார்த்துவிட்டு இருவரும் தங்கள் வேனில் ஏறினார்கள்.

ராதாகிருஷ்ணன், ரவாங்கில் அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருபது வருட நீரிழிவு அவர் சிறுநீரகங்களைத் தின்றுவிட்டது. இந்த கிளினிக்கில் மூன்று முறை 'செல்' ஏற்றி, இனி டயாலிசிஸ் வேண்டாம் என்றார்கள். நம்பி நிறுத்தினார், பத்தாம் நாள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனார். பிழைத்து வந்ததும் டாக்டர் பிரசாந்தின் பேச்சையெல்லாம் போனில் பதிவு செய்தார். புகார் கொடுக்கப்போவதாக அந்த டாக்டரிடமே சொன்னார். நேர்மையான மனிதர்கள் செய்கிற தவறு அது. திங்கட்கிழமை காணாமல் போனார். நேற்று அவர் மனைவி சிவகாமி மகதலேனாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது ஒரே வரிதான்: "கடைசியா வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் பண்ணினாரும்மா."

இன்று வியாழன். திங்கள் போயிற்று. புதன் போயிற்று.

"எவ்வளவு நேரம் தாங்குவாரு?" வாசு கெசாஸ் நெடுஞ்சாலையில் வேனை விரட்டினான்.

"பொட்டாசியம் ஏறிக்கிட்டே போகும். திடீர்னு இதயம் நிக்கும். சாயங்காலம் வரைக்கும்னு நினைக்கிறேன். நினைப்புதான்." அவள் வாய்க்குள் ஒரு சின்ன ஐஸ் கட்டியை அடக்கிக்கொண்டிருந்தாள். வழியில் பெட்ரோல் போட நின்ற எண்ணெய் நிலையத்தில் வாசு பெரிய குவளையில் தே தாரேக், நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், வாங்கியபோது அவள் கேட்டது அந்த ஒரு கட்டி ஐஸ் மட்டும்தான். "நீ குடிக்கிறதுல எத்தனை கரண்டி இனிப்புப் பால்டின் இருக்கு?"

"காது போச்சுக்கா, கொஞ்சம் இனிப்பாவது இருக்கட்டும்."

"உனக்கு ரத்தத்துல சீனி எவ்வளவு?"

"பதினொண்ணு. காலைல. ஏழுக்குள்ள இருக்கணுமாம்." அவன் பேச்சை மாற்றினான். "அப்ப இந்த ஸ்டெம் செல் எல்லாமே டுபாக்கூரா?"

அவள் ஐஸ் கட்டியை மறு கன்னத்துக்குத் தள்ளினாள்.

"இல்ல. உண்மையாவே ஆராய்ச்சி நடக்குது. தொப்புள்கொடியில இருந்து, எலும்பு மஜ்ஜையில இருந்து செல் எடுத்து, கெட்டுப்போற சிறுநீரகத்தைக் காப்பாத்த முடியுமான்னு பார்க்கறாங்க. சின்னச் சின்னதா நல்ல சேதி வருது. ஆனா இன்னும் முடியலை. செத்த கிட்னியை எழுப்பி உட்கார வெச்சதா யாரும் சொல்லலை. முடியாததை முடிஞ்சுதுன்னு விக்கறான் பாரு, அவன்தான் டுபாக்கூர்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "காத்துக்கிட்டிருக்கவனுக்கு அந்தப் போஸ்டர் எப்படித் தெரியும்னு உனக்குப் புரியாது."

பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். வலது கைக் கடிகாரம். "ரெண்டு மணிக்குள்ள கிள்ளான் போயிடணும். இன்னைக்கு வியாழன்."

"தெரியும், கோயில். செவ்வாய், வியாழன், சனி, தடவைக்கு நாலு மணி நேரம்! அப்படி என்னக்கா பாவம் பண்ணினீங்க? கர்த்தரே லீவு கேட்பாரு."

"ரோட்டைப் பார்த்து ஓட்டு."

ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம். கிஷன் சொன்ன அடையாளப்படி மூன்றாவது மண்சாலை. வேனை மரங்களுக்கு நடுவே விட்டுவிட்டு நடந்தார்கள். தனியாக ஒரு பழைய பலகை வீடு. வாசலில் மோட்டார் சைக்கிள். அதன் கைப்பிடியில் தொங்கிய ஹெல்மெட்டில் பருப்புக் குழம்பு காய்ந்துகொண்டிருந்தது.

"சாட்சி" என்றான் வாசு.

"சரியான இடத்தை இப்பதான் சொல்ல முடிஞ்சுது. போலீஸ் பந்திங்லேருந்து வரணும். இருபது நிமிஷம் ஆகும்."

உள்ளேயிருந்து ஓர் அடி விழும் சத்தம் கேட்டது. தொடர்ந்து முதியவர் ஒருவரின் ஓலம். மகதலேனா காத்திருக்கவில்லை. அவள் கண் காட்டியதும் வாசுவின் நூற்று இரண்டு கிலோவும் கதவின் மேல் போய் விழுந்தது. கதவு கீல்களோடு உள்ளே சாய்ந்தது.

ராதாகிருஷ்ணன் நாற்காலியில் கட்டப்பட்டிருந்தார். முகம் ஊதி, உதடு கிழிந்து, கால்கள் தூண்களாக வீங்கியிருந்தன. உடம்பெல்லாம் காயம். இடது கை மட்டும் கட்டப்படாமல் ஒரு தலையணையின் மேல் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது. அவருக்கு எதிரே, கை நீட்டினால் எட்டாத தூரத்தில், ஒரு டயாலிசிஸ் இயந்திரம் பச்சை விளக்கு எரிய நின்றது. மடியில் ஒரு காகிதமும் பேனாவும்.

"புகார் எல்லாம் பொய்யுன்னு கையெழுத்துப் போட்டா மெஷின். போடலைன்னா கல்லறை. அவ்வளவு சுலபம்" என்று சொல்லிக்கொண்டிருந்த வெள்ளைக் கோட்டுக்காரன் திரும்பினான். டாக்டர் பிரசாந்த். "ஜெயராஜ், முடி இவங்களை!"

ஜெயராஜ் மூலையில் சாத்தியிருந்த, செம்பனைக் குலை வெட்டும் கொக்கி அரிவாளை எடுத்தான். ஒரு கையால் வீசினான். வாசு விலகினான்; அரிவாள் அவன் தோள் சதையைச் சீவிக்கொண்டு போய்ப் பலகைச் சுவரில் பதிந்தது. வாசு ரத்தம் தெறிக்கத் தலையால் முட்டினான். இருவரும் தரையில் உருண்டார்கள். ஜெயராஜின் வலது முஷ்டி வாசுவின் மூக்கில் இறங்கியது. கண்ணில் பொறி பறக்க, வாசு தனக்குத் தெரிந்த ஒரே வழியைத் தேடினான்: அந்த இடது கை. பிடித்தான். தேனீ உள்ளங்கையில் அதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் நசுக்கினால் போதும்.

"வாசு! அந்தக் கையை விடு!"

மகதலேனா இப்படிக் கத்தி அவன் கேட்டதில்லை. கை தானாகத் தளர்ந்தது. ஜெயராஜ் உதறி எழுந்தான், சுவரிலிருந்து அரிவாளைப் பிடுங்கினான்.

"ஜெயராஜ், இங்கே பாரு" என்றாள் மகதலேனா. அவள் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றாள். வலது கையில் ஓர் இரும்பு ஸ்பேனர். "நாளைக்கு வெள்ளிக்கிழமை. உன் முறை. இன்னும் ஒரு அடி எடுத்து வெச்சே, இதை உடைச்சிடுவேன்."

ஜெயராஜ் நின்றான். "வேணாம்க்கா. எனக்கு வேற எங்கேயும் இடம் இல்லக்கா. போஸ்டர்ல சிரிச்சா, சொன்னதைச் செஞ்சா மெஷின் ஃப்ரீன்னாரு டாக்டர்." அரிவாளின் நுனி தரையைத் தொட்டது.

பிரசாந்த் இடையில் பாய்ந்து அதைப் பறித்தான். மகதலேனாவைப் பிடித்துத் தள்ளினான். ஜெயராஜைப் பார்க்கவே இல்லை.

"மெஷின் இருந்தாத்தானே சாட்சி!"

அரிவாள் இயந்திரத்தின் முகத்தில் இறங்கியது. திரை வெடித்தது. மறுபடி. குழாய்கள் அறுந்தன. பச்சை விளக்கு அணைந்தது.

ஜெயராஜ் அணைந்த விளக்கைப் பார்த்தான். பிறகு பிரசாந்தின் மேல் விழுந்தான்.

இந்த முறை இரண்டு கையும் வேலை செய்தன. வலதால் சட்டையைப் பிடித்து, இத்தனை காலம் கண்ணாடிப் பாத்திரமாகக் காத்துவந்த இடது கையின் முஷ்டியை வெள்ளைக் கோட்டுக்காரனின் தாடையில் இறக்கினான். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. மறுபடி இறக்கினான். "எனக்கு நாளைக்கு என்னடா? நாளைக்கு என்ன?" ஏழாவது அடியில் பிரசாந்த் மயங்கினான். ஜெயராஜின் முன்னங்கையில் நேற்றைய ஊசித் துளை திறந்து, ரத்தம் பீய்ச்சிக்கொண்டு சுவர் வரை தெறித்தது.

மகதலேனா எழுந்து ஓடினாள். இரண்டே விரல். துளையின் மேல் அளந்து வைத்த மாதிரி அழுத்தினாள். ரத்தம் நின்றது. ஜெயராஜ் அவள் தோளில் சாய்ந்து குழந்தையாக அழுதான்.

'முன்னே நர்ஸா இருந்திருப்பாங்க' என்று வாசு நினைத்துக்கொண்டான்.

போலீஸ் ஜீப் வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். ஜெயராஜ் கட்டுப்போட்ட கையோடு தானாகவே ஏறிக்கொண்டான். பிரசாந்தைத் தூக்கி ஏற்ற வேண்டியிருந்தது. ராதாகிருஷ்ணனின் கட்டை அவிழ்த்ததும் அவர் தலை தொங்கியது. நாடி விட்டு விட்டு அடித்தது.

மகதலேனா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். கேட்டாள். வைத்தாள். "கொண்டு வரச் சொல்றாங்க. ஆனா டயாலிசிஸ் மெஷின் ராத்திரி எட்டு மணிக்குத்தான் காலியாகுமாம்."

"எட்டு மணியா? இவரு..."

அவள் ஏற்கெனவே வேறு எண்ணை அழுத்தியிருந்தாள். "ஷார்மைன்? மகதலேனா. டாக்டர் வைஷ்ணவி இருக்காங்களா? சரி. அவசரமா ஒருத்தரைக் கொண்டு வரேன், ஆறு நாளா டயாலிசிஸ் இல்ல. மூணாம் நம்பர் நாற்காலியில போடு."

ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் திகைத்தது. "மூணாம் நம்பரா? ஆனா அக்கா, ரெண்டு மணிக்கு அது..."

"ரெண்டு மணி ஆள் இன்னைக்கு வரமாட்டா. நான் சொல்றதைச் செய்."

ராதாகிருஷ்ணனைப் பின்னால் கிடத்திவிட்டு, வாசு வேனைக் கிள்ளான் பக்கம் திருப்பினான். மூக்கு, காது, தோள் மூன்றிலிருந்தும் ரத்தம். "அக்கா, அந்த நாற்காலி காலின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ரோட்டைப் பார்."

ஒன்று ஐம்பதுக்கு டயாலிசிஸ் நிலையத்தின் கதவு திறந்தது. டாக்டர் வைஷ்ணவியும் நர்ஸ் ஷார்மைனும் ராதாகிருஷ்ணனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கண்ணாடிக்கு வெளியே இருவரும் நின்றார்கள். குழாய்களில் சிவப்பு ஏறியது, சுழன்றது, திரும்பியது. நாற்பது நிமிடம் கழித்து ஷார்மைன் வெளியே வந்தாள்.

"இதயம் ஒழுங்கா அடிக்குது. கண்ணைத் திறந்தாரு. முதல் பேச்சே, 'கையெழுத்துப் போடலைன்னு சிவகாமிகிட்ட சொல்லுங்க'ன்னாரு." அவள் மகதலேனாவை உற்றுப் பார்த்தாள். "அக்கா, கால் வீங்கியிருக்கு. நாளைக்குக் காலைல அஞ்சரைக்கு கண்டிப்பா வரணும். வேற யாருக்கும் தூக்கிக் கொடுக்கக் கூடாது."

ஷார்மைன் உள்ளே போய்விட்டாள். 'காலைல அஞ்சரைக்குக் கூடவா கோயில்?' என்று கேட்க வாயெடுத்த வாசு, மகதலேனா தள்ளாடுவதைப் பார்த்தான். சட்டென்று பாய்ந்து அவள் இடது கையைத் தாங்கிப் பிடித்தான். பத்து மாதத்தில் அந்தக் கையை அவன் தொட்டது அதுதான் முதல் தடவை.

முழுக்கைச் சட்டைத் துணிக்கு அடியில் விடாமல் ஓர் அதிர்வு.

"அக்கா, சட்டைக்குள்ள போன் அடிக்குது. எடுங்க, சிவகாமி அக்காவா இருக்கும்."

மகதலேனா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"போன் வேன்ல இருக்கு, வாசு."